திருப்புளி கைமாறட்டும்

கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய சின்ன வண்டி, வளைவு வந்ததும் தடம் மாறிவிடுகிறது. கோளாறு எங்கே? சென்சார் தரையிலிருந்து உயர்ந்து நிற்கலாம். மோட்டார் வயர் தளர்ந்திருக்கலாம். பேட்டரி இறங்கியிருக்கலாம். நிரலில் ஓர் எண் பிசகியிருக்கலாம். சென்சாரைப் பொருத்திய மாணவியும் நிரல் எழுதிய மாணவனும் சக்கரம் மாட்டியவரும் சேர்ந்து குனிந்து தேடும்போது, ஒவ்வொருவரும் தான் செய்ததை மற்றவருக்கு விளக்கியே ஆக வேண்டும். அப்படிச் சொல்லும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பது தெரியவருகிறது. ரோபாட்டிக்ஸ் வகுப்பு தரும் பெரிய படிப்பு இதுதான்.

தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 13,210 அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல் சோதனைகளைக் கொண்டுசென்றது. செயற்கை நுண்ணறிவையும் ரோபாட்டிக்ஸையும் கற்றுத்தர டி.என். ஸ்பார்க் திட்டமும் வந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால், வகுப்புக்கு ஒரு ரோபாட்டிக்ஸ் கருவிப்பெட்டி வந்தால் அது யார் கையில் இருக்கும்? நன்றாகப் படிக்கும் ஒரு பையன் திருப்புளியைப் பிடித்துக்கொள்வான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பெண்பிள்ளைகளிடம் ரெக்கார்டு நோட்டு போகும். மீதிப்பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இதைக் குழுவேலை என்று சொல்ல முடியாது.

பொறுப்பை எல்லோரும் பகிர்வதற்கான விதியை நம் உத்திரமேரூர்ப் பிள்ளைகள் வெளியூரில் தேட வேண்டாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் கண்ணெதிரே இருக்கின்றன. குடும்பு எனப்பட்ட ஊரின் 30 பகுதிகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ச்சபையின் பொறுப்புகளைக் குழுக்களுக்குப் பிரித்தார்கள். பதவி ஓராண்டுக்கு மட்டும். வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்றாண்டுகள் மீண்டும் வர முடியாது. கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் இடமில்லை. அந்தச் சபையில் பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் இடம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குறையைக் களைந்துவிட்டு, பொறுப்பு ஒருவரிடமே தங்கக் கூடாது என்ற விதியை மட்டும் வகுப்பறைக்கு எடுத்துக்கொள்வோம்.

கெட்டிக்காரப் பிள்ளையின் வேகம் குறைந்துவிடும், சோம்பேறி குழுவுக்குள் ஒளிந்துகொள்வான் என்று ஆசிரியர்கள் சிலர் அஞ்சுவது நியாயமே. அதற்கு வழி மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது. பல நாடுகளில் நடக்கும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில், ரோபோ ஓடும் இரண்டரை நிமிடத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. குழு எப்படிச் சேர்ந்து உழைத்தது என்பதையும் நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள். நம் பள்ளிகளிலும் ஆசிரியர் குழுவில் யாரை வேண்டுமானாலும் எழுப்பி, எந்தப் பாகத்தைப் பற்றியும் கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலுக்குக் குழு முழுவதும் மதிப்பெண் பெறட்டும். ஒளிந்துகொள்ள இடமே இருக்காது.

தோல்வியைத் தாங்கவும் குழு வேண்டும். நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து ஆசாதிசாட் செயற்கைக்கோளை உருவாக்கினார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று ராக்கெட் தவறான பாதையில் விட்டதால் அது வீணானது. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 விண்ணில் நிலைபெற்றது. தனியாக நின்ற ஒரு சிறுமிக்கு முதல் இழப்போடு கதை முடிந்திருக்கும்.

உத்திரமேரூர் ஒன்றியப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த ரோபாட்டிக்ஸ் வகுப்பில் பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் பொறுப்பு கொடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். திருப்புளியை மட்டும் முதல் மாதம் குலுக்காமல், இதுவரை நோட்டு எழுதிய மாணவியிடம் கொடுங்கள்.