குமுளியில் 'பீஃப்', கம்பத்தில் 'அந்தக் கறி'!

கம்பத்திலிருந்து குமுளிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மலையேறும் பைக்குகள் சில எதற்காகப் போகின்றன என்பது ஊருக்கே தெரியும். சாதி, சாமி எல்லாவற்றையும் லோயர் கேம்ப்பிலேயே இறக்கி வைத்துவிட்டு, செக்போஸ்ட்டைத் தாண்டியதும் பரோட்டா, பீஃப் ஃப்ரை. வாய் கொப்பளித்து, ஒரு ஏலக்காயை மென்றபடி கீழே வந்தால் ஆள் மாறிவிடுவார். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி: "நீங்க... அந்தக் கறியெல்லாம் சாப்பிடுவீங்களா?"

அங்கே 'பீஃப்', இங்கே 'அந்தக் கறி'. கடைக்காரரிடம் 'பெரிய கறி' என்று தணிந்த குரலில் கேட்டு, கறுப்புப் பையில் வாங்கி, ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கும் வீடுகள் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ.

தமிழ்நாட்டில் மாட்டுக்கறி சாப்பிட எந்தத் தடையும் இல்லை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டை, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ முடங்கிப்போன மாட்டை, சான்றிதழ் பெற்று அறுக்கலாம். 1976-இல் பசுவை அறுப்பதற்கு அரசாணை தடை போட்டது. ஆகவே கடைக்கு வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த எருதின் கறி. நார் நாராக இருக்கும்.

அதைக் கம்பியில் கோத்துச் சுடத் தனிப் பக்குவம் வேண்டும். நாருக்குக் குறுக்கே துண்டு போட வேண்டும். பப்பாளிக்காயை அரைத்து இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், தயிர், உப்பு சேர்த்துப் பிசைந்து இரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பப்பாளியில் இருக்கும் பப்பாயின் என்ற நொதி இறைச்சியின் புரதத்தை உடைத்து மிருதுவாக்கும். நேரம் போவது தெரியாமல் விட்டால் கறி கூழாகிவிடும். பிறகு கொட்டாங்கச்சிக் கனல். அண்ணன் தம்பி குடும்பங்கள் மொட்டை மாடியில் கூடி உட்கார, ஆளுக்கொரு கம்பி.

சிக்கலே இங்கேதான். குழம்பை மூடிவைத்துச் சமைக்கலாம், சுடுகிற கறியை மூடிவைக்க முடியுமா? புகை தெருவுக்குச் சொல்லிவிடும். அதனாலேயே அந்தக் கூட்டு விருந்து பல வீடுகளில் நடப்பதில்லை. போலீஸுக்குப் பயந்து அல்ல, பக்கத்து வீட்டு மூக்குக்குப் பயந்து!

"நாற்றம் தாங்கலை" என்பார்கள். அப்படியானால் கருவாடு வறுபடும்போது வருவது மல்லிகைப்பூ வாசமா? "மாடு உழவனின் தோழன்" என்பார்கள். உண்மை. அந்த உழவன்தான் வயதான மாட்டை விற்ற காசைப் போட்டு இளங்கன்றை வாங்குகிறான். 2017 மே 23-இல் மத்திய அரசு, சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. ஒரே வாரத்தில், மே 30 அன்று, இடைக்காலத் தடை விதித்தது தேனி மாவட்டத்து வழக்குகளை விசாரிக்கும் அதே மதுரைக் கிளைதான். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது.

இது ஏதோ ஓரிரு வீட்டுக்காரர்களின் குணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசே நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் விளக்கம் கேட்டது. அரசு விழாவுக்கே கூச்சமென்றால் வாடகை வீட்டுக்காரருக்கு இருக்காதா?

இந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பது யார்? பைக் வைத்திருக்கும் ஆண்களுக்குக் குமுளி இருக்கிறது. வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் பாட்டியும் ஒவ்வொரு வாரமும் மலையேற முடியுமா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும் இரும்புச்சத்து மாட்டுக்கறியில் இருக்கிறது, ஆட்டுக்கறியைவிட மலிவாகவும் கிடைக்கிறது. யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் ஜன்னல் சாத்தப்படுகிறது.

மாட்டுக்கறி வேண்டாம் என்பவர் தாராளமாக வேண்டாம் என்று இருக்கட்டும். அது அவர் தட்டு. ஆனால் குமுளியில் "சேட்டா, இன்னொரு பீஃப்" என்று உரக்கச் சொல்லும் வாய், கம்பத்தில் அடுத்தவர் மாடியில் புகை எழுந்தால் மூடியே இருக்கட்டும். முடிந்தால் மாடியேறிப் போய் ஒரு கம்பி கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும். பஸ் செலவாவது மிச்சமாகும்!