குரல் யாருடையது? கூலி யாருக்கு?

1989-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிரிட்டன் தேசம் முழுவதும் ஒரே பாட்டு ஒலித்தது. ‘ரைடு ஆன் டைம்’ என்பது அதன் பெயர். ‘பிளாக் பாக்ஸ்’ என்ற இத்தாலியக் குழு தயாரித்த நடனப் பாட்டு அது. விற்பனைப் பட்டியலில் 6 வாரம் தொடர்ந்து முதலிடம். அந்த வருஷம் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஒற்றைப் பாட்டு இசைத்தட்டும் அதுவே. தொலைக்காட்சியில் அழகிய இளம் பெண் ஒருத்தி அந்தப் பாட்டை ஆடிப் பாடினாள். ஜனங்கள் பார்த்து மகிழ்ந்தார்கள்.

ஆனால் அந்தப் பெண் பாடவில்லை, வாயசைத்தாள். இசைத்தட்டில் ஒலித்த குரலுக்குச் சொந்தக்காரி கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இருந்தார். பாட்டு விற்றது, அவர் பெயர் எங்கும் இல்லை, அவர் கைக்குப் பங்கும் வரவில்லை.

ஐரோப்பாவில் யாரோ ஆடிய ஆட்டம், நமக்கு என்ன என்று கேட்கலாம். உழைத்தவர் ஒருவர், பெயரும் பணமும் பெறுகிறவர் வேறொருவர் என்ற கதை ஆலையிலும் வயலிலும் பாடுபடுகிற நமக்குப் புதியதல்ல. நமக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழைய சங்கதி இங்கே புது யந்திரத்தின் துணையோடு நடந்திருக்கிறது. ஆகவேதான் இதைப் பற்றி எழுதுகிறோம்.

குரலுக்கு உரியவர்

அந்தப் பாடகியின் பெயர் லொலியாட்டா ஹாலோவே. 1946-ல் சிகாகோ நகரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. சிறு வயதிலேயே தாயாரோடு தேவாலயப் பாடகர் குழுவில் பாடிக் குரலைப் பழக்கிக்கொண்டவர். 1980-ல் ‘லவ் சென்ஸேஷன்’ என்ற பாட்டைப் பாடினார். டான் ஹார்ட்மன் என்பவர் அதை எழுதித் தயாரித்தார். நியூயார்க்கின் ‘சால்சோல்’ கம்பெனி இசைத்தட்டாக வெளியிட்டது. அமெரிக்க நடனக் கூடங்களின் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது.

அந்தப் பதிவுக்காக அவரைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். தொண்டை கட்டிக்கொண்டபோது காபியில் விக்ஸ் களிம்பைக் கலந்து குடித்துவிட்டுப் பாடினார் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. பாட்டென்றால் பொழுதுபோக்கு, அதில் என்ன உழைப்பு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு எப்படியோ, பாடுகிறவருக்குத் தொண்டை அப்படி.

9 வருஷம் கழித்து இத்தாலியில் மூவர் கூடினார்கள். டேனியலே தாவோலி நடனக் கூடத்தில் இசைத்தட்டு சுழற்றுகிறவர். மிர்கோ லிமோனி மின் இசைக் கருவிகளில் தேர்ந்தவர். வலேரியோ செம்ப்லீசி முறையாகச் சங்கீதம் கற்ற கிளாரினெட் கலைஞர். இவர்கள் ஹாலோவேயின் குரலை ‘சாம்ப்ளர்’ என்ற யந்திரத்தில் ஏற்றினார்கள்.

இந்த யந்திரம் செய்யும் வேலை இதுதான். ஓர் ஒலித் துண்டை எடுத்து அதில் பதிந்து வைத்துவிடலாம். பிறகு ஆர்மோனியக் கட்டையை அழுத்துவதுபோல அழுத்தினால், அந்தத் துண்டு வேண்டிய இடத்தில், வேண்டிய வேகத்தில், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒலிக்கும். பாடியவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. அவரைக் கேட்க வேண்டிய அவசியமும் யந்திரத்துக்கு இல்லை. மூவரும் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, புதிய தாளத்தின் மேல் அடுக்கினார்கள். ‘ரைட் ஆன் டைம்’ என்று ஹாலோவே பாடியது அவர்கள் காதில் ‘ரைடு ஆன் டைம்’ என்று விழுந்தது. அந்தப் பிழையே பாட்டுக்குப் பெயராயிற்று!

காத்ரின் கினோல் என்ற மாடல் அழகியை மேடையில் நிறுத்தினார்கள். அந்தப் பெண் மீது நமக்குக் கோபமில்லை. அவரும் கூலிக்கு அமர்த்தப்பட்டவரே. ஒரு பெண்ணின் குரலையும் இன்னொரு பெண்ணின் முகத்தையும் ஒட்டவைத்துச் சரக்காக்கி விற்றவர்களைத்தான் நாம் கேட்கிறோம்.

ஹாலோவே சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளில் வெளிப்படையாகப் பேசினார். வழக்கறிஞர் மூலம் போராடினார். கடைசியில் சமரசமாக ஒரு தொகை கொடுத்தார்கள். எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. இதற்கிடையே ஹெதர் ஸ்மால் என்ற வேறொரு பாடகியைப் பாட வைத்து அதே பாட்டை மறுபடி பதிந்து வெளியிட்டார்கள். குரல் மாறியது; வாயசைத்த முகம் மாறவில்லை.

ஒரு தடவை நடந்த தவறா?

தெரியாமல் நடந்துவிட்டது என்று விட்டுவிட முடியுமா? பின்னால் நடந்ததைப் பாருங்கள்.

அதே குழு 1990-ல் ‘டிரீம்லேண்ட்’ என்ற முழுத் தொகுப்பை வெளியிட்டது. இப்போது பழைய தட்டிலிருந்து குரலை எடுக்கவில்லை. மார்த்தா வாஷ் என்ற கறுப்பினப் பாடகியையே அழைத்துப் பாட வைத்தார்கள். ஒரு தடவைக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தொகுப்பில் அவர் பெயரைப் போடவில்லை. மேடையில் மறுபடியும் காத்ரின் கினோல்தான்.

அதே 1990-ல் அமெரிக்காவில் ‘சி அண்டு சி மியூசிக் ஃபேக்டரி’ என்ற குழு மார்த்தா வாஷின் குரலில் வெளியிட்ட பாட்டு, அடுத்த வருஷம் பிப்ரவரியில் அந்நாட்டின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. படக்காட்சியில் வாயசைத்தவர் வேறு ஒருவர். மார்த்தா வாஷ் பருத்த உடல் கொண்டவர். மெலிந்த இளம் பெண்களைக் காட்டினால்தான் சரக்கு விற்கும் என்று வியாபாரிகள் கணக்குப் போட்டார்கள். குரல் வேண்டும், குரலுக்குரிய மனுஷி வேண்டாம்!

மார்த்தா வாஷ் கோர்ட்டுக்குப் போனார். ஒரு கம்பெனி சமரசத்துக்கு வந்து அவருக்குத் தனி ஒப்பந்தம் கொடுத்தது. இன்னொரு கம்பெனியுடனான வழக்கு 1994-ல் முடிந்தது. பாடியவர் மார்த்தா வாஷ் என்று படக்காட்சியிலேயே காட்டும்படி கேட்டுக்கொள்ளக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

போராட்டத்துக்குப் பலன் உண்டு என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1991-ல் மார்க்கி மார்க் என்பவரின் குழு ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற பாட்டில் அதே ‘லவ் சென்ஸேஷன்’ குரலை எடுத்தாண்டது. ஆனால் இம்முறை இசைத்தட்டில் லொலியாட்டா ஹாலோவே என்று பெயர் வந்தது. படக்காட்சியில் அவரே தோன்றினார். அமெரிக்காவில் அந்தப் பாட்டு முதலிடம் பிடித்தது. பெயரைப் போட்டதால் விற்பனை குறைந்ததா? இல்லை. உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்ற வாதம் அங்கேயே பொய்த்தது.

யந்திரம் குற்றவாளியா?

சிலர் சொல்வார்கள்: ‘கலை எல்லோருக்கும் பொது. பழையதிலிருந்துதான் புதியது பிறக்கும். இதற்கெல்லாம் கணக்குக் கேட்டால் கலை எப்படி வளரும்?’

இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நமது நடவுப் பாட்டையும் தாலாட்டையும் யார் எழுதியது? யாருக்கும் தெரியாது. ஒருவர் பாட்டில் இன்னொருவர் ஓர் அடியைச் சேர்த்துத்தான் அவை வளர்ந்தன. ஆனால் நடவுப் பாட்டை யாரும் பெட்டியில் பூட்டி விலை வைக்கவில்லை. இங்கேயோ எடுக்கும்போது மட்டும் கலை பொதுச் சொத்து. விற்கும்போது அது தனிச் சொத்து! எடுத்தவன் வெளியிட்ட தட்டை வேறொருவன் நகலெடுத்து விற்றால் அவன் மட்டும் திருடன்! இது எந்த ஊர் நியாயம்?

யந்திரத்தின் மேல் நமக்குப் பகை இல்லை. புதுத் தறி வந்தால் தறியை உடைப்பது நம் வேலையல்ல. தறியால் வரும் லாபம் யாருக்கு என்று கேட்பதே நம் வேலை. அந்த மூன்று இத்தாலியரும் உழைத்தார்கள், புதுமை செய்தார்கள். அதை நாம் மறுக்கவில்லை. அவர்கள் உழைப்புக்குக் கூலி உண்டென்றால் ஹாலோவேயின் தொண்டைக்கும் உண்டு.

கோளாறு சட்டத்தில் இருக்கிறது. பாட்டை எழுதியவருக்குப் பாட்டின் மேல் உரிமை. பதிந்த கம்பெனிக்குப் பதிவின் மேல் உரிமை. பாடியவருக்கோ, வாத்தியம் வாசித்தவருக்கோ, பெரும்பாலும் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பல சமயம் அது ஒரு நாள் கூலி. அமெரிக்காவில் இன்றுவரை சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குக் கட்டணம் உண்டு. பாடியவருக்கு ஒரு காசு கிடையாது.

இந்த முறையின் கொடுமைக்கு ஓர் உதாரணம் போதும். 1969-ல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழு ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டை வெளியிட்டது. அதில் கிரிகரி கோல்மன் என்பவர் சில விநாடி நேரம் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அந்தச் சில விநாடித் தாளத்தை வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகளில் பயன்படுத்தினார்கள். புதிய இசை வகைகளே அதிலிருந்து கிளம்பின. கோல்மன் 2006-ல் வறுமையில் இறந்தார். அந்தத் தாளத்துக்காக அவருக்கு ஒரு பங்கும் வந்ததில்லை. 2015-ல் இசை ரசிகர்கள் தாமாக முன்வந்து நிதி திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சரிடம் 24,000 பவுன் கொடுத்தார்கள். அது நல்ல மனது. ஆனால் உரிமையாக வரவேண்டியதை 46 வருஷம் கழித்து அன்பளிப்பாக வாங்க வேண்டிய நிலை ஏன் வந்தது?

இன்றைக்கு என்ன?

ஹாலோவே 2011-ல் காலமானார். அவரோடு பிரச்னை முடியவில்லை, பெரிதாகியிருக்கிறது. அன்றைய யந்திரம் பாடிய குரலை வெட்டி ஒட்டியது. இன்றைய கணினி யந்திரம் ஒருவர் பாடாத பாட்டையே அவர் குரலில் பாடுகிறது. கொஞ்ச நேரப் பதிவு இருந்தால் போதும், குரலைப் பழகிக்கொள்கிறது. 2024-ல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலம் ஒருவருடைய குரலை அனுமதியின்றி இப்படிப் போலி செய்வதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. நல்ல ஆரம்பம், ஆனால் ஒரு மாநிலத்து வேலி உலகச் சந்தையைத் தடுத்துவிடாது.

நம் சினிமாவிலும் ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கிறார். ஆனால் பின்னணி பாடுகிறவர் யார் என்பது ஊரறிந்த விஷயம். பெயர் திரையிலேயே வருகிறது. ஆகவே வாயசைப்பது குற்றமல்ல. மறைப்பதும் பறிப்பதுமே குற்றம்.

நாம் கேட்பது மூன்று. குரலை எடுக்குமுன் பாடியவரின் சம்மதம் வேண்டும். எடுத்த பிறகு அவர் பெயரைச் சொல்ல வேண்டும். விற்கும் காலமெல்லாம் அவருக்குப் பங்கு வேண்டும். ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு 40 வருஷம் அறுவடை செய்வது கூடாது.

தோழர்களே, இந்த மூன்றும் பாடகர்களுக்கு மட்டும் உரிய கோரிக்கைகளா? தறியடியில் நின்று நாம் கற்ற கைவேலையும் நாளை ஒரு யந்திரத்துக்குள் பதியப்படலாம். அன்று நம்மிடம் யார் கேட்பார்கள்? ஹாலோவேயும் மார்த்தா வாஷும் தனித்தனியே கோர்ட் படி ஏறினார்கள். தனியாகப் போனவர்களுக்கே அவ்வளவு கிடைத்ததென்றால், பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் நெய்கிறவர்களும் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதை நாமே கணக்குப் பார்த்துக்கொள்வோம்.