மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றிவிடலாம்" என்பதுதான். மாற்றுகிறோம், பணமும் கட்டுகிறோம். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே நடுக்கம் திரும்பி வருகிறது. அப்போதும் பழி புதிய டிஸ்க்கின் மேல்தான் விழுகிறது.

வாகனத் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்கள் இந்தப் பழக்கத்தைத் தொடரக்கூடாது என்பது என் கருத்து. பாகத்தைக் கழற்றி மாட்ட யாரும் விரைவில் கற்றுக்கொள்ளலாம். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கல்வி. அதைக் கற்க, பழைய பந்தயக் கார் ஒன்றின் பிரேக் நல்ல பாடம்.

டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் ஆடுவதை 'ரன்-அவுட்' என்பார்கள். பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் இதற்கு இடமுண்டு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்! இதற்கு மேல் ஆடினால், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே பகுதி பேடில் உரசித் தேய்கிறது. தடிமன் சீரற்றுப் போனதும் நடுக்கம் தொடங்குகிறது. புதிய டிஸ்க்கும் சில ஆயிரம் கிலோமீட்டரில் கெடுவது இதனால்தான்.

பந்தயக் காரில் ஆபத்து இன்னும் அதிகம். இரு பக்கமும் பிஸ்டன் கொண்ட நிலையான காலிப்பரில், ஆடும் டிஸ்க் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். நேர்சாலையின் முடிவில் ஓட்டுநர் மிதிக்கும் முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே வீணாகும். செப்பாங் தடத்தின் முதல் வளைவை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவதாக வைத்துக்கொள்வோம். கார் வினாடிக்குச் சுமார் 55 மீட்டர் ஓடுகிறது. அரை வினாடி தாமதித்தால் 27 மீட்டர் போய்விடும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? முதலில் சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பேரிங் ஆடினால் மற்ற அளவுகளுக்குப் பொருளில்லை. பிறகு டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, டயல் கேஜின் முனையை வெளி விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். அதிகம் மேடான இடத்தை டிஸ்க்கிலும் ஹப்பிலும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கழற்றி ஏறக்குறைய அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி அளங்கள். மேடு டிஸ்க்கோடு நகர்ந்தால் குறை டிஸ்க்கில். ஹப்பின் குறியிலேயே நின்றால் குறை ஹப்பில்.

பழைய கார்களில் ஹப்பைச் சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு. பல ஆண்டுத் துரு, தடத்தின் விளிம்புக் கல்லில் மோதிய அடி எல்லாம் அதன் முகத்தில்தான் தங்கியிருக்கும். ஹப்பின் மையத்திலிருந்து 70 மில்லிமீட்டரில் 0.03 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், 140 மில்லிமீட்டரில் அது 0.06 ஆகப் பெருகும். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணம்தான் இது!

தீர்வும் பல வேளைகளில் எளிதுதான். ஹப்பின் முகத்தில் உள்ள துருவை முழுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டிலும் சிறு குறை இருந்தால், ஒன்றின் மேட்டை மற்றதன் பள்ளத்தோடு பொருத்தினால் ஆட்டம் குறையும். நட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு, நட்சத்திர வரிசையில் படிப்படியாக இறுக்க வேண்டும். ஹப் வளைந்திருந்தால் அதைத்தான் மாற்ற வேண்டும்.

"இத்தனை நேரம் செலவழித்தால் பட்டறை எப்படிப் பிழைக்கும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிஸ்க்கில் விரிசல் இருந்தாலோ, குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ யோசிக்காமல் மாற்றத்தான் வேண்டும். மற்ற நேரங்களில் அரை மணி நேர அளவெடுப்பு, அதே கார் மீண்டும் பட்டறைக்கு வருவதைத் தடுக்கும். வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் காப்பாற்றும்.

ஆகவே தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை. செய்முறைத் தேர்வில் பாகத்தை எவ்வளவு வேகமாக மாட்டினார் என்பதோடு, என்ன அளந்தார், அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார் என்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். மாணவர்களே, ஒரு சிறு குறிப்பேட்டை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருங்கள். கழற்றுவதற்கு முன் ஓர் அளவு, மாட்டிய பின் ஓர் அளவு என்று எழுதி வையுங்கள். வேலை கேட்டுப் போகும் நாளில் சான்றிதழோடு அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.