ஏடும் அரமும்

சென்ற ஆண்டில் ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவர்க்குத் திருக்குறள் கற்பித்துக்கொண்டிருந்தேன். வள்ளுவப் பெருந்தகை அரம் என்னும் கருவியை மூன்று குறள்களில் உவமையாக எடுத்தாண்டுள்ளார். வெருவந்த செய்யாமை, உட்பகை, பண்புடைமை ஆகிய அதிகாரங்களில் அவை வருகின்றன. அறிவு எத்துணைக் கூரியதாயினும் மனிதத் தன்மை இல்லாதவன் மரத்துக்கு ஒப்பானவன் என்னும் பண்புடைமைக் குறளின் கருத்தை விரித்துரைத்தபின், “உங்களில் அரத்தைக் கண்ணாற் கண்டவர் எத்தனைபேர்?” என்று வினவினேன். நாற்பது மாணவருள் மூவரே கை உயர்த்தினர். அம்மூவருள்ளும் அதனைக் கையிற் பிடித்து ஓர் இரும்புத் துண்டை அராவியவர் எவருமிலர். ஆயினும், சோதனையில் அவ்வுவமையை விளக்குமாறு கேட்டால் நாற்பதின்மரும் முழுப்புள்ளி பெறத்தக்க விடை எழுதுவர். சொல் அவர்களிடம் இருக்கின்றது, பொருள் இல்லை. அக்குறை மாணவருடையதன்று, கற்பிக்கும் எம்முடையது.

கல்லூரி அன்னை யூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் அன்னைக்கு எதனைக் காணிக்கையாக்கலாம் என்று பழைய மாணவர் பலரும் ஆலோசிக்கின்றனர். நினைவு வளைவு என்பர் சிலர். மண்டபத்துக்குப் புதிய முகப்பு என்பர் வேறு சிலர். அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் நான் வேண்டுவது ஒரு பட்டறை. தமிழாசிரியன் ஒருவன் இவ்வாறு கேட்பது அன்பர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். கேட்கும் துணிவை எனக்குத் தந்தவை ஒரு சிறு பொறியும் அதனைச் செய்த ஒரு பழைய மாணவனின் கைகளுமே.

அவன் என் வகுப்பிலே கடைசி வாங்கில் இருந்தவன். இலக்கணத்தில் அவனுக்கு நாட்டமில்லை. ஒருநாள் விடை கூறாது நின்றவனை, “மரம்போல் நிற்கின்றாயே” என்று கடிந்தேன், வகுப்புச் சிரித்தது. க.பொ.த. சாதாரண தரத்திலே கணிதத்தில் சித்தியெய்தாமையால் அவன் கல்லூரியை விட்டு நீங்கினான். நானும் அவனை மறந்தேன். பல்லாண்டுகளின் பின், எங்கள் ஊர்க் கோயில் மகோற்சவத்துக்கு முன்னர் பழைய குத்துவிளக்குகளைத் திருத்தவேண்டியிருந்தது. வலிகாமத்திலே அவ்வேலையில் வல்லவர் ஒருவர் இருக்கின்றார் என்று கேள்வியுற்றுச் சென்றேன். பட்டறை வாயிலில் என்னை வரவேற்றவன் அவனே.

அங்கே ஒரு பொறி சுழன்றுகொண்டிருந்தது. பட்டறைக்காரர் அதனை ‘பஃபிங் மெசின்’ என்பர். மெருகேற்றும் பொறி என்று நாம் கூறலாம். கடையிலே வாங்கியதன்று, அவனே செய்தது. கிணற்று நீர் இறைக்கும் அரைக் குதிரைவலு மோட்டர் ஒன்று சுருள் எரிந்துபோனமையால் ஒரு வீட்டில் மூலையிற் கிடந்தது. அதனை வாங்கிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவித்தான். நீர் இறைக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு, இரும்புச் சட்டம் ஒன்றின் அடித்தட்டில் மோட்டரைப் பூட்டினான். மேலே இரண்டு பெயாரிங்குகளின்மீது ஓர் உருக்குத் தண்டு. மோட்டரையும் தண்டையும் கப்பிகளும் நாடாவும் இணைக்கின்றன. தண்டை நேரே மோட்டரோடு பொருத்தாது நாடாவை இடையே வைத்தமைக்கு அவன் கூறிய காரணம் என்னைக் கவர்ந்தது. மெருகேற்றும் தூசி மோட்டருக்குள் இறங்காது. வேலைப்பொருள் எங்கேனும் சிக்கினால் நாடா வழுக்கும், தண்டு முறியாது.

தண்டின் வலப்புறத்திலே ஆறங்குலத் துணிச்சில்லு. இடப்புறத்திலே அதே அளவான சாணைக்கல். பழைய வேட்டிகளை வட்டமாக வெட்டி, அடுக்கடுக்காக வைத்து, வட்டம் வட்டமாகத் தைத்தால் துணிச்சில்லு ஆகிவிடுகின்றது. இடப்புற நட்டுக்கு மட்டும் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். சாதாரணப் புரியாயின், அப்பக்கத்திலே சுழற்சியே நட்டைக் கழற்றிவிடும் என்றான். வலம்புரிச் சங்கைப்பற்றி எத்தனையோ பாட்டுக்குப் பொருள் சொல்லிய எனக்கு, இடம்புரி நட்டு ஒன்று உண்டென்பது அன்றுதான் தெரிந்தது.

களிம்பு ஏறிய விளக்குத் தட்டு ஒன்றை அவன் எடுத்தான். முதலில் அரத்தால் விளிம்பைச் சமன் செய்தான். பின்னர் 120, 240, 400 என்று இலக்கம் ஏற ஏற நுண்மை கூடும் உரைதாள்களால் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்தான். முன்னைய தாளின் கீறல் மறையுமுன் அடுத்த தாளுக்குப் போகலாகாது என்பது விதி. விரைந்தவன் கீறலுக்கே மெருகேற்றுவான். அதன்பின் துணிச்சில்லிலே மண்ணிறக் கட்டியைப் பூசித் தட்டைப் பிடித்தான். ஈற்றில் மென்மையான மற்றொரு சில்லும் செந்நிறக் கட்டியும். அச்சிவப்பு இரும்பின் ஒட்சைட்டு. நம் சுவர்களுக்குப் பூசும் காவிக்கு நிறந்தருவதும் அதுவே. புளியும் சாம்பலும் இட்டு அரைநாள் தேய்க்கவேண்டிய தட்டு அரைமணியில் என் முகத்தைக் காட்டியது.

இம்மட்டோடு கதை முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுதியிரேன். புறப்படும்போது, சாணைக்கல் மெதுவாகவே வெட்டுகின்றது என்றும், மோட்டரில் நான்கங்குலக் கப்பியும் தண்டில் இரண்டங்குலக் கப்பியும் இட்டு வேகத்தைக் கூட்டப்போவதாகவும் அவன் கூறினான். கப்பிகளையும் வாங்கி வைத்திருந்தான். நான் அதனைப் பாராட்டிவிட்டு வந்தேன்! மறுநாள் ஆசிரியர் அறையிலே பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரிடம் இச்செய்தியைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. உடனே ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டார்.

அக்கணக்கை அன்பர்களும் அறிதல் வேண்டும். நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைவது. நீர் இறைக்கும் அத்தகைய மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2800 சுற்றுச் சுழலும். ஆறங்குலச் சில்லின் விளிம்பு அவ்வேகத்திலேயே மணிக்கு 80 கிலோமீற்றர் அளவில் ஓடுகின்றது. கப்பிகளை அவன் எண்ணியவாறு மாற்றினால் சுற்று 5600 ஆகும். ஆறங்குலச் சாணைக்கல்லுக்கோ பொதுவாக 4000 அளவே எல்லை. சுழலும் கல்லைப் பிய்த்தெறிய முயலும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு பெருகும். வேகம் இருமடங்காயின் விசை நான்மடங்கு. கல் வெடித்தால் அதன் துண்டுகள் எதிரே நிற்பவன் முகத்தை நோக்கியே வரும்.

அன்று மாலையே இருவரும் பட்டறைக்கு விரைந்தோம். நல்லூழாக அவன் கப்பியை இன்னும் மாற்றவில்லை. நண்பர் நிலத்திலே சுண்ணக்கட்டியால் எழுதி விளக்கினார். அவன் குந்தியிருந்து, ஒரு சொல்லும் விடாது கேட்டான். பின்னர், “இது எந்த வகுப்பிலை படிப்பிக்கிறது, சேர்?” என்றான். “உயர்தரத்தில்” என்றார் நண்பர். அவன் தலை அசைத்தான். அந்த வகுப்பின் வாயிலிலேதான் அவனை நாம் மறித்து அனுப்பினோம்.

அன்றுதொட்டுப் பொறியில் இரண்டு கப்பிகளும் ஒரே அளவின. கல்லுக்கும் நாடாவுக்கும் தகட்டாற் காப்புறை இடப்பட்டது. மோட்டரின் உடல் புவியோடு இணைக்கப்பட்டது. வேலைப்பொருளைச் சில்லின் நடுமட்டத்துக்குக் கீழேயே பிடித்தல், சில்லு கௌவி இழுக்கக்கூடிய சால்வையும் கையுறையும் அணியாதிருத்தல், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குக் கவசம் என்பனவும் சுவரில் எழுதப்பட்டன. மண்ணிறக் கட்டியில் நுண்ணிய சிலிக்கா உண்டு. அத்தூசி நுரையீரலில் படிந்தால் மீளாநோய் தரும் என்பதை அவன் அதுவரை அறியான்.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? கையறிவு மட்டும் இருந்த இடத்தில் உயிருக்கு ஆபத்து இருந்தது. ஏட்டறிவு மட்டும் இருந்த இடத்திலோ, நாற்பது மாணவர் அரம் என்னும் சொல்லை வெறுஞ்சொல்லாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தனர். இரண்டும் சந்திக்கவேண்டிய இடம் கல்லூரி. சந்தித்ததோ, கல்லூரிக்கு வெளியே, நிலத்திலே எழுதிய சுண்ணக் கோட்டில்.

இப்பிரிவு தற்செயலாக நேர்ந்ததன்று. யாழ்ப்பாண நகரிலே கன்னாதிட்டி என்று ஓர் இடம் உண்டு. தட்டாதெரு என்று ஒரு சந்தி உண்டு. கன்னாரும் தட்டாரும் தம் கைத்திறனால் இந்நகருக்கு ஈந்த பெயர்கள் அவை. அத்தொழில்களை நாம் பிறப்போடு பிணைத்து வைத்தோம். பிணைத்ததனாலே கல்லூரி வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்க எழுதுவினைஞர் பதவியை நாடினோம். பின்னர் வைத்தியம், பொறியியல் என்றோம். அரம் பிடித்தறியாத பொறியியலாளனை ஆக்குவதில் நமக்கு நாணமில்லை. அரம் பிடித்தவனை மாணவன் என்று சொல்லிக்கொள்ளவே நாணினோம்.

இதனை மாற்ற அரசும் முயலாமலில்லை. 1972 ஆம் ஆண்டிலே தொழிற்கல்விக்கு முன்னோடியான பாடங்கள் பாடசாலைகளிற் புகுத்தப்பட்டன. 1977 ஆம் ஆண்டில் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. 2013 ஆம் ஆண்டில் உயர்தரத்திலே தொழினுட்பத் துறை தொடங்கிற்று. 2017 ஆம் ஆண்டில், சாதாரண தரத்தில் சித்தியெய்தாதாரும் தொழில் கற்றுப் பதின்மூன்று ஆண்டுக் கல்வியை நிறைவு செய்யும் திட்டம் வந்தது. நல்லனவே. ஆனால் சுற்றறிக்கையால் வருவது சுற்றறிக்கையால் போகவும் கூடும். கல்லூரி தானே விரும்பி வளர்ப்பதுதான் நிலைக்கும்.

சிலர் கூறக்கூடிய தடைகளையும் நான் அறிவேன். ஆயத்தமான பொறி கடையில் கிடைக்கும்போது செய்வானேன் என்பர். எம் தலைமுறையினர் இதற்கு விடை அறிவர். 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாடு மின்சாரமும் எரிபொருளும் இன்றி இருந்தபோது, துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டினோம். அவற்றைச் செய்து தந்தவர்கள் பட்டறைக்காரரே. 2022 ஆம் ஆண்டிலே ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோதும் கடையை நம்பியவன் கை பிசைந்தான். செய்யத் தெரிந்தவன் செய்துகொண்டான். அன்றியும், வாங்கிய பொறி மெருகு தரும். செய்த பொறி அறிவும் தரும். ஒரு கப்பியை மாற்றுவதிலே கணிதம், பௌதிகவியல், சுகாதாரம் மூன்றும் வந்து நிற்பதைக் கண்டோமல்லவா?

பிள்ளைகளின் விரல்களுக்கு ஆபத்து என்பர் மற்றும் சிலர். ஆபத்து மெய்யே. ஆனால் நம் மாணவர் நாளை எப்படியும் பொறிகளை அணுகத்தான் போகின்றனர். காப்புறையும் கணக்கும் கற்றபின் அணுகுவதா, கல்லாது அணுகுவதா என்பதே கேள்வி.

ஆகவே என் விண்ணப்பம் இது. நினைவு வளைவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு ஓர் ஓட்டுக் கொட்டகையும், நாலைந்து குறடுகள் பூட்டிய மேசையும், அரங்களும், மின்காப்புள்ள இணைப்பும் அமையட்டும். சனிக்கிழமை தோறும் பொறியியலாளராக விளங்கும் பழைய மாணவரும், பட்டறை நடத்தும் பழைய மாணவரும் அருகருகே நின்று கற்பிக்கட்டும். முதல் வேலை அந்த மெருகேற்றும் பொறியாகவே இருக்கட்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் பட்டறையில் வழங்கும் சொல்லை மாணவர் எழுதி வரட்டும். அச்சொற்களைத் தொகுக்கும் பணியை நான் மகிழ்வோடு ஏற்பேன்.

ஆண்டுதோறும் நவராத்திரியிலே கலைமகள் திருமுன் ஏடுகளை அடுக்கி வழிபடுகின்றோம். அந்த நாளிலே கருவிகளுக்கும் பூசை உண்டு. ஆனால் நம் கல்லூரிப் பீடத்தில் ஓர் அரத்தை நான் கண்டதில்லை. வருகின்ற நவராத்திரியில் ஏட்டின் அருகே மாணவன் ஒருவன் தான் பயன்படுத்திய அரத்தை வைப்பானாக.

மரம் என்று அன்று அவனைச் சொன்னேன். அக்குறளைப் படித்தவன் நான். அதன்படி மரமாக நின்றவனும் நானே. அவன் மெருகேற்றிய விளக்கு இன்று எங்கள் ஊர்க் கோயில் மூலத்தானத்தில் எரிகின்றது. அவனைப் போன்றார் இனிக் கல்லூரி வாயிலுக்கு வெளியே நில்லாதிருக்க அன்னை அருள் செய்வாளாக.