சீனத்துக்கு இடைத்தரகர் எதற்கு?

சீன எழுத்து முழுவதும் படங்களாம், ஆயுள் போதாதாம், ஆங்கிலத்தில் கிடைப்பதே நமக்குப் போதுமாம். இலக்கிய அன்பர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். மறுக்கிறோம்.

செஞ்சியை அடுத்த தொண்டூர்க் குன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று உண்டு. மோசி என்பவர் அமைத்த சமண இருக்கையைப் பற்றியது. மொழி நம்முடையது, கல்லும் நம்முடையது. ஆயினும் அவ்வெழுத்தைப் பயிலாதவருக்கு அது வெறும் கீறலே. பயின்றவர் வாசித்தபின் அது வரலாறாயிற்று. சீனத்துக்கு மட்டும் வேறு நியாயமா?

சீன எழுத்துகளுள் மிகப் பெரும்பாலானவை படங்களே அல்ல. ஒரு பகுதி பொருளையும் மறுபகுதி ஒலியையும் சுட்டும். அன்னையைக் குறிக்கும் எழுத்தில் ஒரு பாதி 'பெண்', மறுபாதி 'குதிரை'. குதிரைக்கு அங்கே ஒலி தருவது மட்டுமே வேலை. இரண்டும் 'மா', தொனிதான் வேறு. (தமிழிலும் 'மா' குதிரையே. தற்செயல்தான், சொல்லாராய்ச்சி அன்பர்கள் உடனே நூலெழுதப் புகவேண்டா.) எழுதும் தூரிகையே ஓவியமும் தீட்டுவதால் அங்கே கவிதையும் கையெழுத்தும் ஓவியமும் ஒரே தாளில் கூடுகின்றன. கி.பி. 353-இல் வாங் சீசி எழுதிய 'ஆர்க்கிட் மண்டப முன்னுரை'யைச் சீனர் கட்டுரையாக வாசிப்பர், கோடுகளின் ஓட்டமாகவும் காண்பர். ஆங்கிலப் பெயர்ப்பு இதில் எதைத் தரும்?

உணவிலும் இதே கதைதான். பேருந்து நிலையத் தள்ளுவண்டியில் நாம் 'சைனீஸ்' என்று உண்ணும் மஞ்சூரியனை 1975-இல் மும்பையில் ஆக்கியவர், கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங். சுவையானதே, பழிக்கவில்லை. ஆனால் நாவை மரக்கச்செய்யும் சிச்சுவான் மிளகு அந்தச் சிவப்புக் குழம்பில் எங்கே?

பழம்பெருமைக்கு மட்டும் குறைவில்லை. சோழர் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீனத்துக்குத் தூதனுப்பினர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அச்செய்தியைப் பதிந்துவைத்த சீன ஏட்டை மூலத்தில் வாசிக்க நம்முள் எத்தனை பேர்? சுவான்சௌ நகரில் 1281-ஆம் ஆண்டுச் சிவாலயக் கல்வெட்டில் தமிழின்கீழ் சீன வரியொன்று இருக்கிறது. 1409 தேதியிட்ட காலிக் கல்வெட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. செங் ஹ கொணர்ந்த அக்கல்லில் சீனம் புத்தரையும், தமிழ் தேனாவரை நாயனாரையும், பாரசீகம் இசுலாமையும் போற்றுகின்றன. அறுநூறாண்டுகளுக்கு முன்னரே தமிழெழுத ஆள் தேடியது சீன அரசவை. 1963-இல் பெய்ஜிங் வானொலி தமிழில் பேசத் தொடங்கியபின், சீனரே தமிழ் கற்று ஒலிபரப்பினர். பதிலுக்கு நாம் செய்தது என்ன?

ஒருசிலர் செய்தனர். ஸ்ரீதரன் மதுசூதனன் 2004-இல் 'சீன மொழி: ஓர் அறிமுகம்' எழுதினார், பின்னர் 'பயணி' என்ற பெயரில் சீனத்தின் தொன்மையான கவித்தொகையிலிருந்து பாடல்களை நேரடியாகப் பெயர்த்து 2012-இல் 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' என்று வெளியிட்டார். சங்கப் பாடலில் தோய்ந்தவர் கை என்பது வரிதோறும் தெரியும். ஆங்கிலமே போதும் என்பவர்கள் முதலில் அந்நூலை வாங்கி வாசிக்கட்டும். பிறகு வாதிடுவோம்.