மோட்டாரை அல்ல, பினியனை மாற்றுங்கள்

ரிமோட் கன்ட்ரோல் ரேஸ் ட்ரக் வாங்கியவர்கள் பலர் முதல் வேலையாகப் பெரிய மோட்டாரைத் தேடுகிறார்கள். இது வீண் செலவு என்பது என் கருத்து.

1979-ல் வந்த டாமியா ரஃப் ரைடர் முதல் 2008-ல் வந்த டிராக்ஸஸ் ஸ்லாஷ் வரை, இவ்வகை வண்டிகளைக் கழற்றிப் பாகம் மாற்றலாம். மோட்டாரில் இருக்கும் சிறிய பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய சக்கரம் ஸ்பர். ஸ்பரில் 87 பல், பினியனில் 21 பல் என்றால் விகிதம் 4.14. பினியனை 17 பல்லாக்கினால் 5.12. உச்ச வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் இழுவை கூடும், மோட்டார் சூடாவதும் குறையும். பனவடலிசத்திரம் பக்கத்துக் கரிசல் காட்டில், வெடிப்பும் கட்டியுமான தரையில், வேகத்தைவிட இழுவைதான் உதவும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர் ஆயில். குதித்து இறங்கியபின் வண்டி ஆடிக்கொண்டே இருந்தால் கெட்டி ஆயில் ஊற்றுங்கள். சிறு மேட்டிலேயே தூக்கிப் போட்டால் மெல்லிய ஆயில்.

இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டர் கைகொடுக்கும். எக்ஸெலில் தேதி, தரை, பினியன், ஆயில், மோட்டார் சூடு என ஐந்து காலம் போடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது. புரோகிராமில் பிழை தேடுவதற்கும் இதே விதிதான்.

செலவு செய்தே ஆகவேண்டுமா? நல்ல பேலன்ஸ் சார்ஜர் வாங்குங்கள். சாதாரண லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. மீறினால் உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். வேகம் அப்புறம், வீடு முதலில்.