ரங்கூன் கபுருக்கு ஒரு பதக்கம்

1857 செப்டம்பரில் டெல்லியைப் பிடித்த படையினருக்கு விக்டோரியா அரசு வெள்ளிப் பதக்கம் வழங்கியது. பதக்கத்தின் மேலே ‘டெல்லி’ என்று பொறித்த பட்டை வேறு. பிடிபட்ட மன்னர் பகதூர்ஷா ஜஃபருக்குக் கிடைத்தது என்ன?

பிள்ளைகள் இருவரையும் பேரன் ஒருவரையும் ஹட்சன் என்ற அதிகாரி சுட்டுக் கொன்றான். சொந்தச் செங்கோட்டையிலேயே மன்னரைக் கைதியாக நிறுத்தி விசாரித்தார்கள். 1858இல் ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862 நவம்பர் 7 அன்று 87 வயதில் அங்கேயே வஃபாத்தானார். அன்றே அடக்கம். கபுரைத் தரையோடு தரையாக்கிப் புல் பதித்து, சுற்றிலும் மூங்கில் வேலி போட்டார்கள். வேலி உளுத்துப் போகும்போது புல் மண்டி இடமே தெரியாமல் போய்விடும் என்பது வெள்ளையன் போட்ட கணக்கு.

கணக்கு ஏறக்குறைய பலித்தது. உத்தேசமாகக் கல் நட்டு மக்கள் ஸியாரத் செய்து வந்தார்கள். 1943இல் நேதாஜி தம் படையுடன் மரியாதை செலுத்தியதும் அங்கேதான். அந்தப் படையில் மலாயா, பர்மா தமிழர்கள் ஏராளம். 1991இல் கட்டட வேலைக்குப் பள்ளம் தோண்டியபோதுதான் அசல் கபுர் தென்பட்டது. 1994இல் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. 2006இல் அப்துல் கலாமும் 2017இல் பிரதமர் மோடியும் அங்கே சென்று வந்தார்கள்.

மலர் தூவித் திரும்பினால் போதுமா? 1975இல் ஓர் அஞ்சல் தலை வெளியிட்டார்கள். 2025 அக்டோபர் 24உடன் அவர் பிறந்து 250 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள அரசு நாணயச் சாலைகளுக்கு நினைவுப் பதக்கம் அடிப்பது புதிதல்ல. ரங்கூன் நினைவிடத்தைப் பொறித்து ஒன்று அடிக்கட்டும்.

தள்ளாத கிழவர், சிப்பாய்கள் வற்புறுத்தியதால் தலைமை ஏற்றவர் என்று சிலர் இளப்பமாகப் பேசுவதுண்டு. இருக்கட்டுமே! மீரட்டிலிருந்து வந்த இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் தேடிப் போனது அவரைத்தானே? அந்த ஆண்டு பக்ரீதின்போது, முற்றுகையிடப்பட்ட டெல்லியில் பசு அறுப்பதற்குத் தடை போட்டு ஒற்றுமையைக் காத்தவரும் அவர்தான். இன்று ஒற்றுமை பற்றி நமக்கு வகுப்பெடுப்பவர்கள் இதை ஏன் சொல்வதில்லை?

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து மொகலாய அரசவைப் பாடத்தை என்.சி.இ.ஆர்.டி. நீக்கிவிட்டது. 2023இல் அப்பாடம் இல்லாமலேயே புதிய புத்தகம் வந்தது. அன்று மூங்கில் வேலி, இன்று பாடநூல் கத்தரி.

ஆகவே நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையை அவையில் எழுப்ப வேண்டும். பதக்கத்தில் பெயரோடு ‘ரங்கூன், 1862’ என்ற சொற்களும் இருக்க வேண்டும். அவர் எங்கே, ஏன் இறந்தார் என்று அதைக் கையில் எடுக்கும் பிள்ளை கேட்கட்டும்.